லைனை நிறுத்தியவருக்கு என்ன நடந்தது? அமெரிக்க ஆலைகளில் தலைமையும் புதுமையும்

அளவுகோல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வாகன உதிரிபாக ஆலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பொறியாளர்களுக்கு ஒன்றரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு: அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களில் தலைமையும் புதுமையும். தலைமை அலுவலகம் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஒரு பெரிய மனிதரின் முகம், பக்கத்தில் ஒரு பொன்மொழி, கீழே பங்கு விலை ஏறும் கோடு. பதினெட்டுப் படங்களும் இப்படியே. பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள், மறுநாள் உற்பத்தி லைனுக்கு வந்ததும் மறந்துவிடுவார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

நான் 3எம் நிறுவனத்தின் ஒரு பழைய நிகழ்ச்சியிலிருந்து தொடங்க நினைக்கிறேன். 1902இல் மின்னசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. சாணை பிடிக்க உதவும் குருந்தக்கல் கிடைக்கும் என்று நம்பிச் சுரங்கம் வாங்கினார்கள். வெட்டிப் பார்த்தால் அந்த வேலைக்கு ஆகாத கல். பிறகுதான் உப்புத்தாள் செய்யப் போனார்கள். 1907இல் உதவிக் கணக்கராகச் சேர்ந்த வில்லியம் மெக்நைட் 1914இல் பொது மேலாளர் ஆனார்.

1920களில் அங்கே ஆய்வகத்தில் ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் இருந்தார். உப்புத்தாள் மாதிரிகளைச் செயின்ட் பால் நகரத்துக் கார் பட்டறைகளுக்கு எடுத்துச் செல்வது அவர் வேலை. அப்போது இரட்டை நிறக் கார்களுக்கு நல்ல மவுசு. ஒரு நிறம் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் காகிதம் ஒட்டி மறைத்து, அடுத்த நிறத்தை அடிப்பார்கள். காகிதத்தைப் பிரிக்கும்போது கீழே இருந்த பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வரும். முழு வேலையும் வீண். பெயின்டர்கள் வாய்விட்டுத் திட்டியதைக் கேட்ட ட்ரூ, பெயின்ட்டை விட்டுவிட்டுத் தான் மட்டும் உரிந்து வரும் நாடாவை நான் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். உப்புத்தாள் கம்பெனியின் ஆள் நாடாவுக்கு வாக்குக் கொடுக்கிறார்!

சோதனைகள் நீண்டுகொண்டே போனதால் மெக்நைட் அதை நிறுத்தச் சொன்னார். ட்ரூ நிறுத்தினார், பிறகு மறுபடி தொடங்கிவிட்டார். மெக்நைட் ஆய்வகத்துக்குள் வந்து அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்துக்கு மேல்பூச்சுப் பூசும் இயந்திரம் வேண்டும் என்று கேட்டபோதும் மறுத்தார். மேலிட அனுமதி இல்லாமல் 100 டாலர் வரை வாங்க ட்ரூவுக்கு அதிகாரம் இருந்தது. 99 டாலர், 99 டாலர் என்று சீட்டுப் போட்டு உறுப்பு உறுப்பாக அந்த இயந்திரத்தைச் சேர்த்துவிட்டார். 1925இல் வந்ததுதான் இன்று எல்லாப் பெயின்ட் கடைகளிலும் கிடைக்கும் மாஸ்கிங் டேப். 1930இல் அவரே செலோபேன் நாடாவையும் செய்தார். உப்புத்தாள் நிறுவனத்தை வேறு நிறுவனமாக மாற்றியவை இவை இரண்டும்.

மெக்நைட் இரண்டு முறை தவறான முடிவு எடுத்தார். ஆனால் தன் முடிவு தவறு என்று நிரூபிக்க ஒருவருக்கு இடம் விட்டிருந்தார். 1948இல், ஆய்வாளர்கள் தம் நேரத்தில் 15 விழுக்காட்டைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்பதை நிறுவன வழக்கமாகவே ஆக்கினார். தலைமை என்பதன் முதல் எடுத்துக்காட்டாக இதைச் சொல்லலாமா? வேறு நிகழ்ச்சிகள் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வரவுசெலவு

அளவுகோல் ஐயா, நான் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். 99 டாலர் சீட்டுக் கதையைப் பயிற்சியாளர்களிடம் சொல்லாதீர்கள். ஒரே கொள்முதலை உச்சவரம்புக்குக் கீழே துண்டு துண்டாக உடைப்பதுதான் நாங்கள் முதலில் தேடும் முறைகேடு. நூறு பேர் அப்படிச் செய்தால் ஒருவர் மாஸ்கிங் டேப்புடன் வருவார். மற்ற தொண்ணூற்றொன்பது பேர் மைத்துனரின் கடைக்கு ஆர்டர் கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வென்றவரின் கதைதான் நமக்கு வந்து சேர்கிறது. மேலாளர் சொல்லியும் கேட்காமல் ஐந்தாண்டு பணத்தைக் கரைத்துவிட்டுக் கடைசியில் ஒன்றும் இல்லாமல் போன ஆய்வாளர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. மெக்நைட் கணக்கராக வந்தவர் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதர் கைப்பெட்டியில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொண்டதால்தான் ட்ரூவுக்கு விளையாட இடம் கிடைத்தது. இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஏரிக்கரை

மிச்சிகன் மாநிலத்தில் 31 ஆண்டுகள் வாகனத் தொழிலில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். 3எம் நல்ல தொடக்கம்தான். ஆனால் அது ஆய்வகக் கதை. உங்கள் பிள்ளைகள் லைனில் நிற்கப் போகிறவர்கள். அவர்களுக்கு ஃப்ரீமாண்ட் ஆலையைச் சொல்லுங்கள்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. 1982இல் மூடினார்கள். அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே அதற்குத்தான் மிகக் கெட்ட பெயர். எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்கமாட்டார். தீர்க்கப்படாத புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. வேலை நேரத்தில் குடியும் இருந்தது. இத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு விதியை மட்டும் எல்லோரும் மதித்தார்கள்: லைன் நிற்கக் கூடாது. பாகம் தப்பாகப் பொருந்தியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்கும். வெளியே மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பிறகு பிரித்துச் சரிசெய்வார்கள்.

1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. பெயர் நூமி. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆலையின் ஆட்கள். சங்கமும் அதே வாகனத் தொழிலாளர் சங்கம். குழுத் தலைவர்களாக இருக்கப் போகிறவர்களை, சுமார் 450 பேரை, ஜப்பானில் டொயோட்டாவின் டகோகா ஆலைக்கு அனுப்பிப் பழக்கினார்கள்.

லைன் நெடுக, கை எட்டும் உயரத்தில் ஒரு கயிறு. தொழிலாளிக்குச் சந்தேகம் வந்தால் இழுக்கலாம். இழுத்ததும் ஒரு மெட்டு ஒலிக்கும், மேலே பலகையில் அந்த நிலையத்தின் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அந்த நிலையத்தைத் தாண்டுவதற்குள் சரியானால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகாவிட்டால் நிற்கும். ஓடி வந்தவர் முதலில் கேட்பது என்ன பழுது, எப்படி உதவலாம் என்பதை. இழுத்தது யார் என்ற விசாரணை கிடையாது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1986, 87 வாக்கில் ஆலைகளை ஒப்பிட்டார்கள். ஒரு கார் பூட்ட டகோகாவில் 16 மணி நேரம், நூமியில் 19, மாசசூசெட்ஸில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ராமிங்ஹாம் ஆலையில் 31. நூறு கார்களுக்குக் குறைபாடுகள் டகோகாவில் 45, நூமியிலும் 45, ஃப்ராமிங்ஹாமில் 130. ஆட்கள் அதே ஆட்கள், கட்டடமும் அதே கட்டடம்.

1980களின் பின்பாதியில் நூமியின் கார் சரியாக விற்கவில்லை. வழக்கமாக அமெரிக்காவில் அப்போது என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நூமியில் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலை இல்லாதவர்களைப் பயிற்சியிலும் லைனைச் சீர்திருத்தும் வேலையிலும் உட்காரவைத்தார்கள். கயிற்றின் மேல் தொழிலாளிக்கு வந்த நம்பிக்கை இங்கேதான் உறுதிப்பட்டது என்பது என் எண்ணம். குறையைச் சொல்லிச் சொல்லி வேலையைக் குறைத்தால் தன் வேலையே போய்விடும் என்று நினைக்கிறவர் கயிற்றைத் தொடமாட்டார்.

திருகாணி

ஏரிக்கரை ஐயா, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் ஒரகடம் பக்கத்தில் ஓர் ஆலையில் லைன் பொறியாளர், சேர்ந்து மூன்று ஆண்டுகள். எங்கள் லைனிலும் ஒவ்வொரு நிலையத்திலும் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. 'யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சென்ற மார்ச்சில் இரவு ஷிப்டு. பிராக்கெட் வெல்டிங்கில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள் விழுவதை ஒப்பந்தத் தொழிலாளியான ஓர் அக்கா பார்த்தார். கைவிளக்கை மடியில் வைத்திருப்பார், அதை அடித்துக் காட்டினார். அவர் சொல்ல, நான் பொத்தானை அழுத்தினேன். வாயு உருளையில் அழுத்தம் இறங்கியிருந்தது. உருளையை மாற்றி லைனை ஓட்ட 11 நிமிடம்.

காலைக் கூட்டத்தில் யாரும் துளையைப் பற்றிக் கேட்கவில்லை. 11 நிமிடம் யார் கணக்கில் எழுதுவது என்று மட்டும் 20 நிமிடம் பேசினார்கள். மறுவாரம் அந்த அக்காவைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் லைனில் யாரும் பொத்தானை அழுத்தவில்லை. நானும் அழுத்தவில்லை.

கயிறு அமெரிக்காவிலும் இருந்தது, பொத்தான் எங்களிடமும் இருக்கிறது. அப்படியானால் ஜெனரல் மோட்டார்ஸ் ஏன் மற்ற ஆலைகளுக்கு அதைக் கொண்டுபோகவில்லை?

ஏரிக்கரை

கொண்டுபோனார்கள் அம்மா. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வான் நைஸ் ஆலையில் கயிற்றைக் கட்டினார்கள். உங்கள் ஆலையில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது. மேலாளர்களுக்கு ஊக்கத்தொகை கார்களின் எண்ணிக்கையைப் பார்த்து வந்தது. கயிற்றை இழுத்தவர் மேல் அவர்கள் பாய்ந்தார்கள். சங்கத்திலும் ஒரு பகுதியினர் இதை ஏற்கவில்லை. வான் நைஸ் 1992இல் மூடப்பட்டது.

அதே 1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் இயந்திர மனிதர்களுக்கும் புதிய ஆலைகளுக்கும் பல்லாயிரம் கோடி டாலரைக் கொட்டியது. டெட்ராய்ட்டின் ஹாம்ட்ராம்க் ஆலையில் அந்த இயந்திரங்கள் காரை விட்டுவிட்டு ஒன்றன் மேல் ஒன்று பெயின்ட் அடித்ததாகச் செய்திகள் வந்தன. தன் கையிலேயே ஒரு நூமி இருந்தும், புதுமை என்றால் விலைக்கு வாங்கும் பொருள் என்று தலைமை நினைத்தது. 2009 ஜூன் 1 அன்று நிறுவனம் திவால் மனு கொடுத்தது. நூமி 2010 ஏப்ரல் 1 அன்று கடைசிக் காரை வெளியே அனுப்பியது. இன்று அந்தக் கட்டடத்தில் டெஸ்லா இருக்கிறது.

உங்கள் அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றியவர் ஒருவேளை கெட்டவராக இருக்கமாட்டார். அவருக்கு மேலே ஒருவர் 11 நிமிடத்துக்குக் கணக்குக் கேட்டிருப்பார். தப்பு எத்தனை படி மேலே இருக்கிறது என்று பாருங்கள்.

வேதி

வேதியியல் ஆய்வாளர். 3எம் பற்றி அளவுகோல் பாதிக் கதையைத்தான் எழுதியிருக்கிறார் என்பதால் மீதியை எழுதுகிறேன்.

2001இல் ஜேம்ஸ் மெக்னெர்னி தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்த நிறுவனத்தின் வரலாற்றில் வெளியிலிருந்து வந்த முதல் தலைவர், ஜெனரல் எலக்ட்ரிக்கில் வளர்ந்தவர். சுமார் 8000 பேரை நீக்கினார். மாறுபாடுகளையும் குறைகளையும் அளந்து குறைக்க, தொழிற்சாலைக்குச் செய்த சிக்ஸ் சிக்மா முறையை ஆய்வகத்துக்குள்ளும் கொண்டுவந்தார். வரவுசெலவு மகிழும்படி லாப விகிதம் உயர்ந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே உயர்ந்தது. ஆனால் ஐந்து ஆண்டுக்குள் வெளியான பொருள்களிலிருந்து வரும் விற்பனை, முன்பு மூன்றில் ஒரு பங்கு இருந்தது, நான்கில் ஒரு பங்காக இறங்கியது. 2005இல் அவர் போயிங்குக்குப் போனார். அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி ஆய்வகத்தில் அந்தப் பிடியைத் தளர்த்தினார்.

ஆய்வகத்தில் இருப்பவளாகச் சொல்கிறேன். ஒரு பொருளின் தடிமன் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதற்குச் சிக்ஸ் சிக்மா அருமையான கருவி. ஆனால் ஸ்பென்சர் சில்வர் 1968இல் செய்த பசை, ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த பசை. அதற்கு என்ன பயன் என்று ஆறு ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1974இல் ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாட்டுப் புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டு கீழே விழுந்துகொண்டே இருந்ததால் அந்தப் பசையை நினைத்துப் பார்த்தார். ஒட்டிப் பிரிக்கக்கூடிய குறிப்புத்தாளான போஸ்ட்-இட் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980இல். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எந்த மாதமும் ஓர் ஆய்வுக் கூட்டத்தில் "இதன் சந்தை மதிப்பு எவ்வளவு?" என்ற கேள்வி வந்திருந்தால் அந்தப் பசை குப்பைக்குப் போயிருக்கும்.

மறுபாதி கசப்பானது. புதுமைக்கு இடம் கொடுத்த அதே நிறுவனம் கெட்ட செய்திக்கு இடம் கொடுத்ததா? கறை படாத துணி, எண்ணெய் ஊறாத காகிதம் எல்லாம் அவர்களின் ஃப்ளோரின் வேதிப்பொருள்களால் வந்தவை. அவை மனித இரத்தத்தில் தங்குகின்றன என்ற குறிப்பு 1970களிலேயே நிறுவனத்துக்குள் வந்துவிட்டது. 1990களின் இறுதியில் அவர்களின் ஆய்வாளர் ஒருவரே, ஆலைப் பக்கம் போகாத சாதாரண மக்களின் இரத்தத்திலும் அதைக் கண்டார். உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது 2000இல். 2018இல் மின்னசோட்டா மாநிலத்துக்கு 85 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். 2023இல் குடிநீர் வாரியங்களுக்குக் குறைந்தது 1030 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். தண்ணீர் குடித்தவர்களுக்கு நேர்ந்ததை அந்தத் தொகை திருப்பிக் கொடுக்காது.

ஆகவே, அளவுகோல் ஐயா, மெக்நைட்டின் சகிப்பு நல்லதுதான். ஆனால் புதுப் பொருளோடு வருகிறவரைச் சகிப்பது எளிது. விற்றுக்கொண்டிருக்கும் பொருளில் நஞ்சு இருக்கிறது என்று வருகிறவரை என்ன செய்தார்கள் என்பதையும் அதே வகுப்பில் கேட்டுவிடுங்கள்.

அளவுகோல்

வேதி அம்மா, இதை நான் யோசிக்கவே இல்லை. வகுப்பின் போக்கையே மாற்றுகிறேன். ட்ரூ கதை இருக்கும், ஆனால் அதோடு நிறுத்தமாட்டேன்.

வரவுசெலவு

நானும் ஒரு படி இறங்கி வருகிறேன். ஆனால் எல்லோரும் தலைவரின் குணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

மெக்நைட் ஒரே நிறுவனத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 1966 வரை இயக்குநர் குழுத் தலைவர். இன்று விதைத்தால் தானே அறுக்கலாம் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடி செய்யும் கார்னிங் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1851இல் தொடங்கியது, ஹூட்டன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்தியது. 1970இல் அவர்களின் மூன்று ஆய்வாளர்கள், மாரர், கெக், ஷுல்ட்ஸ், ஒளியை வெகுதூரம் கடத்தும் கண்ணாடி இழையைச் செய்துவிட்டார்கள். பெரிய ஆர்டர்கள் வந்தது 1980களில். பத்தாண்டுக்கு மேல் பணத்தைப் போட்டுக்கொண்டே காத்திருந்தார்கள். 1960களில் அவர்கள் செய்த வலுவூட்டிய கண்ணாடிக்குச் சந்தை இல்லாமல் அலமாரிக்குப் போனது. 2007இல் ஆப்பிள் கேட்டபோது அந்த அறிவை எடுத்துத் தூசி தட்டிக் கென்டக்கியில் ஹாரட்ஸ்பர்க் ஆலையில் கைப்பேசிக் கண்ணாடி செய்தார்கள். அலமாரியைக் காலி செய்யச் சொல்லும் பங்குதாரர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபம் காட்டியே ஆக வேண்டும் என்ற நாற்காலியில் மெக்நைட்டையே உட்காரவைத்தாலும், நீங்கள் சொல்லும் மெக்நைட்டாக இருப்பாரா என்பது என் கேள்வி.

ரிவெட்

மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

2024 ஜனவரி 5 அன்று போர்ட்லாந்திலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில், கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் பலகையைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் அங்கே இல்லை. ரென்டன் ஆலையில் பக்கத்திலிருந்த ரிவெட்டுகளைச் சரிசெய்யப் பலகையைக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றியதற்குச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாததால் திரும்பப் பூட்டினோமா என்று சரிபார்க்கவும் யாரும் வரவில்லை. எங்கள் தொழிலில் ஒரு திருகைக் கழற்றினாலும் எழுதிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அன்று 171 பயணிகள் இருந்தார்கள், பலகைக்கு நேரே இருந்த இருக்கைகள் காலியாக இருந்தன. எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள்.

2018, 2019இல் இரண்டு 737 மேக்ஸ் விமானங்களில் போன 346 பேருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நடுங்குகிறது. நானும் விமானத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவன்.

ஏரிக்கரை

ரிவெட் தம்பி, உங்கள் பதிவைப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரே வட்டாரத்தில் இரண்டு கூட்ட அறைகள்.

முதல் அறை ஜெனரல் மோட்டார்ஸ். சில கார்களின் சாவித் துவாரத்தில் இருந்த சுவிட்ச் தளர்வாக இருந்தது. சாவிக்கொத்தின் கனத்திலோ ஒரு குலுக்கலிலோ சாவி தானே திரும்பி, ஓடும்போதே என்ஜின் அணையும். மோதினால் காற்றுப்பையும் விரியாது. 2000களின் தொடக்கத்திலிருந்தே உள்ளே பலருக்குத் தெரியும். கார்களைத் திரும்ப அழைத்தது 2014இல், மேரி பாரா தலைமை ஏற்ற சில வாரங்களில். அமைக்கப்பட்ட இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. இடையில் சுவிட்சை மாற்றிய பொறியாளர் பாக எண்ணை மாற்றவில்லை. அதனால் பழையதும் புதியதும் ஒன்று என்று நினைத்து விசாரித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் குழம்பினார்கள்.

நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞரின் அறிக்கையில் இரண்டு பழக்கங்கள் பதிவாகியிருக்கின்றன. கூட்டத்தில் எல்லோரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே போய் ஒன்றும் செய்யாமல் இருப்பது ஒன்று. கைகளைக் கட்டியபடி இரண்டு பக்கமும் விரலை நீட்டி, பொறுப்பு அவருடையது என்று காட்டுவது இன்னொன்று. 2008இல் பொறியாளர்களுக்கு நடந்த பயிற்சியில் எழுதக் கூடாத 69 சொற்களின் பட்டியலே கொடுத்தார்கள். 'குறைபாடு' என்று எழுதாதே, 'வடிவமைத்தபடி இயங்கவில்லை' என்று எழுது. 'பிரச்சினை' என்ற சொல்லும் கூடாது. சொல்லையே எடுத்துவிட்டால் அந்தப் பொறியாளர் எதைக் கொண்டு எச்சரிப்பார்?

இரண்டாவது அறை ஃபோர்டு. 2006இல் போயிங்கிலிருந்து ஆலன் முலாலி வந்தார். அந்த ஆண்டு நட்டம் 1270 கோடி டாலர். வியாழன்தோறும் உயரதிகாரிகள் தம் வேலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் காட்ட வேண்டும். வாராவாரம் எல்லாம் பச்சை. இவ்வளவு நட்டத்தில் ஒன்றுகூடவா சரியில்லாமல் இல்லை என்று கேட்டார். பிறகு ஒரு வாரம் மார்க் ஃபீல்ட்ஸ் சிவப்பைக் காட்டினார். கனடாவில் ஓக்வில் ஆலையில் எட்ஜ் என்ற புதிய காரின் பின்கதவில் ஒரு கோளாறு, வெளியீட்டை நிறுத்திவைத்திருக்கிறேன் என்றார். அறை உறைந்துவிட்டது. இவர் வேலை போயிற்று என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கை தட்டினார். இவருக்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். ஒவ்வொருவராக எழுந்து ஆள் தருகிறேன், தரவு தருகிறேன் என்றார்கள். அடுத்த வாரங்களில் எல்லோருடைய தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் வந்தன.

திருகாணி அம்மா, உங்கள் பொத்தானுக்கும் இந்தக் கைதட்டலுக்கும் இடையில் இருப்பதுதான் தலைமை என்று நான் நினைக்கிறேன்.

திருகாணி

நன்றி ஐயா. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அதே ஃபோர்டுதான் 2021 செப்டம்பரில் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. என் சித்தப்பா அங்கே பெயின்ட் பிரிவில் இருந்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, ஏற்றுமதிக்கே கார் செய்தவர்கள். கயிற்றை இழுக்கும் உரிமை இருந்தவர்களுக்கு, ஆலையே நின்றபோது எதை இழுப்பது?

வரவுசெலவு

தங்கையே, இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை, நேர்மையான பதில் இருக்கிறது. முலாலியின் கைதட்டலுக்குப் பின்னால் 2360 கோடி டாலர் கடன் இருந்தது. ஆலைகளை, காப்புரிமைகளை, அந்த நீல நிற முத்திரையைக்கூட அடகு வைத்து 2006இல் வாங்கிய கடன். அதனால்தான் 2008, 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் அரசிடம் மீட்புப் பணம் வாங்கியபோது ஃபோர்டு வாங்கவில்லை. ஆனால் எந்த நாட்டில் இருப்பது, எதை விடுவது என்பதை லைனில் எடுப்பதில்லை. தரம் நன்றாக இருந்தும் மூடப்படும் ஆலைகள் உண்டு, நூமியும் அப்படித்தான் போனது. உங்கள் சித்தப்பாவின் கைவேலையில் தப்பு இல்லை. விற்பனைக் கணக்கில் தோற்றார்கள், விலையை அவர் கொடுத்தார். இதை அளவுகோல் ஐயா வகுப்பில் மறைக்கக் கூடாது.

வேதி

ஆமாம். இதையும் சேர்க்காவிட்டால் பாதி உண்மைதான்.

அளவுகோல்

வகுப்பு நேற்று முடிந்தது. படங்களைப் போடவில்லை. ட்ரூ, நூமி, இரண்டு அறைகள், நான்கு போல்ட்டுகள், மறைமலைநகர், எல்லாவற்றையும் சொன்னேன். 69 சொற்களைச் சொன்னபோது பின்வரிசையில் சலசலப்பு. ஒன்றரை மணி நேரம் இரண்டே கால் ஆனது. 99 டாலர் சீட்டைச் சொல்லும்போது, அதை நானே செய்தால் தணிக்கையில் மாட்டுவேன் என்பதையும் சொன்னேன், வரவுசெலவு.

எல்லோரும் போன பிறகு ஒரு பையன் மட்டும் நின்றான். ஐடிஐ முடித்து, பிறகு டிப்ளமோ படித்தவன். இரண்டு முறை வாயைத் திறந்து மூடினான். பிறகு சொன்னான்: "ஐயா, மூன்றாம் நிலையத்து போர் கேஜில் அளவு சரிபார்ப்புத் தேதி போன மாதமே முடிந்துவிட்டது. பழைய ஸ்டிக்கர் மேல் புதுத் தேதி ஒட்டியிருக்கிறது. கேஜ் மட்டும் ஆய்வுக் கூடத்துக்குப் போகவே இல்லை."

போர் கேஜ் என்றால் துளையின் உள்விட்டத்தை அளக்கும் கருவி. அந்த ஸ்டிக்கர்கள் என் பிரிவிலிருந்து போகின்றவை. என் கையெழுத்தோடு.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது கோபம். இதை ஏன் எல்லோர் முன்னாலும் கேட்காமல் இப்போது சொல்கிறான் என்று ஒரு கணம், ஏன் சொல்கிறான் என்றே ஒரு கணம். பிறகு அவனோடு நடந்து போனேன். நகத்தால் சுரண்டினேன். மேல் ஸ்டிக்கர் முனை எழும்பியது, அடியில் பழைய தேதி இருந்தது. அளவு துல்லியமாகத் தெரிந்த வளையமான மாஸ்டர் ரிங்கில் வைத்துப் பார்த்தோம். 12 மைக்ரான் விலகல்.

ஆலைத் தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன், பையனைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். கிடங்கில் இருந்த 46 பெட்டிகளுக்கும் சிவப்புச் சீட்டுக் கட்டியாகிவிட்டது. வாடிக்கையாளருக்குக் கடிதம் போயிற்று. இரவு ஷிப்டில் ஆறு பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்கிறார்கள், அந்தப் பையன்தான் எண்களைப் படித்துச் சொல்கிறான். இப்போது 19ஆவது பெட்டி. நான் தேநீர் வாங்க வந்த இடத்தில் இதை எழுதுகிறேன்.